முதல் ரூபாயை யார் தருவது?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நடந்தால், வழியில் எத்தனையோ இடங்களில் அண்ணல் அம்பேத்கரின் சிலையைக் காணலாம். கையில் புத்தகத்தோடு நிற்கும் அவரை அரசமைப்புச் சட்டத்தின் சிற்பி என்றும், ஒடுக்கப்பட்டோரின் விடுதலைக்காகப் போராடியவர் என்றும் எல்லோரும் அறிவர். அச்சிலையைக் கடந்து காலை ஷிப்டுக்கு விரையும் தொழிலாளியின் சட்டைப்பையில் இருக்கும் இ.எஸ்.ஐ. அட்டைக்கும் அவருக்கும் உள்ள உறவைத்தான் பலர் அறியார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்த நானும் அதை வகுப்பறையில் ஒருமுறைகூட விரிவாகச் சொன்னதில்லை. அந்தக் குறையை உணரச் செய்தவர் என்னிடம் படித்த ஒரு மாணவர்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரியும் அவர், சில மாதங்களுக்கு முன் ஒரு கோப்போடு என் வீட்டுக்கு வந்தார். மாதம் ரூ.20,800 ஆக இருந்த அவருடைய சம்பளம் ரூ.22,500 ஆக உயர்ந்திருந்தது. இ.எஸ்.ஐ. திட்டத்தின் ஊதிய வரம்பு ரூ.21,000 என்பதால், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் அவர் திட்டத்திலிருந்து வெளியேறினார். அதற்கு ஈடாக நிறுவனம் மூன்று லட்ச ரூபாய்க்குக் குழு மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுத்தது. மூன்று லட்சம் என்ற எண் அவருக்கு நிறைவாகவே இருந்தது. பின்னர் மழைக்காலத்தில் மனைவிக்கு டெங்கு காய்ச்சல். மருத்துவமனைக் கட்டணம் ரூ.18,000. அடுத்த மாதமே மகனுக்கு மூச்சுத்திணறல், கட்டணம் ரூ.15,000. இரண்டையும் சேர்த்து ரூ.33,000. காப்பீட்டு நிறுவனம் தந்தது ஒரு ரூபாய்கூட இல்லை.

காரணம், பாலிசியின் உட்பக்கத்தில் இருந்த 'டிடக்டிபிள்' என்ற ஒரு சொல். குறிப்பிட்ட தொகை வரையிலான செலவைக் காப்பீடு பெற்றவரே ஏற்க வேண்டும். அதற்கு மேற்பட்டதைத்தான் காப்பீட்டு நிறுவனம் தரும் என்பது அதன் பொருள். அவருடைய பாலிசியில் அத்தொகை ஆண்டுக்கு ரூ.20,000. அதுவும் குடும்பத்திற்கு மொத்தமாக அன்று. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. குடும்பத்திற்கு மொத்தம் ரூ.20,000 என்று இருந்திருந்தால் ரூ.13,000 திரும்பக் கிடைத்திருக்கும். தனித்தனி என்பதால் இரண்டு செலவும் வரம்புக்குக் கீழேயே நின்றுவிட்டன. அவருடைய ஊதிய உயர்வு மாதம் ரூ.1,700, ஓராண்டுக்கு ரூ.20,400. ஒருவருக்கான டிடக்டிபிள் தொகையும் ஏறத்தாழ அவ்வளவே என்பதை அவர் தாமாகவே கணக்கிட்டு வைத்திருந்தார்.

நோய் வந்தால் முதல் ரூபாயை யார் தருவது என்ற இந்தக் கேள்வி புதிதன்று. இதற்கு விடை காண முயன்ற ஒருவரின் வாழ்க்கையை, அந்தக் கோப்பை மூடிவைத்த பிறகு நான் மீண்டும் படித்தேன்.

பரேல் குடியிருப்பு

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவின் மாவ் ராணுவக் குடியிருப்பில், சுபேதார் ராம்ஜியின் பதினான்காவது குழந்தையாகப் பிறந்தவர் பீமராவ். அக்குழந்தைகளில் பலர் இளமையிலேயே இறந்தனர். பீமராவுக்கு ஐந்தாறு வயது இருக்கும்போதே தாயும் மறைந்தார். பின்னர் குடும்பம் பம்பாயின் பரேல் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. பஞ்சாலைகளும் அவற்றின் தொழிலாளர் வாழும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த பகுதி அது. நம் பெரம்பூரையும் தண்டையார்பேட்டையையும் அறிந்தவர்க்கு அக்காட்சியை விளக்க வேண்டியதில்லை.

பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கும், 1916-இல் லண்டன் பொருளியல் பள்ளிக்கும் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பம்பாய் சிடனம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராகப் பணிபுரிந்து, சேமித்த பணத்தோடு 1920-இல் மீண்டும் லண்டன் சென்றார். இந்திய ரூபாயின் மதிப்பைப் பற்றிய ஆய்வுக்காக 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அவர் முதலில் ஒரு பொருளியலாளர் என்பதை, அதே துறையைச் சேர்ந்த நாங்களே மறந்துவிடுகிறோம்.

அந்தப் படிப்பின் விலையைச் செலுத்தியவர் அவருடைய மனைவி ரமாபாய். கணவர் கடல் கடந்து இருந்த ஆண்டுகளில் பரேலில் அவர் வறுமையோடு போராடினார். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளுள் கங்காதர், ரமேஷ், இந்து, ராஜரத்னா ஆகிய நால்வரும் சிறு வயதிலேயே இறந்தனர். யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். கடைசியாக 1926-இல் ராஜரத்னாவை இழந்தபோது அம்பேத்கர் நிலைகுலைந்து போனார். நெடுநாள் நலிவுற்றிருந்த ரமாபாயும் 1935 மே 27 அன்று மறைந்தார். உலகின் தலைசிறந்த இரு பல்கலைக்கழகங்களின் பட்டங்கள் இருந்தும் அவரால் வீட்டுக்குள் நுழைந்த நோயைத் தடுக்க இயலவில்லை. நோய் ஒருவர் உடலில் தோன்றினாலும் அதன் செலவு முழுக் குடும்பத்தின் ஒரே பணப்பையிலிருந்துதான் போகும் என்பதை அவர் ஏட்டில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

யார் சுமப்பது?

பம்பாய் சட்ட மேலவை உறுப்பினராக 1927-இல் பணியைத் தொடங்கிய அம்பேத்கர், 1928-இல் ஆலைப் பெண் தொழிலாளர்க்கான பேறுகால நல மசோதாவை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்திற்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே உகந்தது. ஆகவே அச்செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்பது முறை என்பது அவருடைய நிலைப்பாடு. அதே வேளையில், அப்பெண்களின் உழைப்பால் முதலாளி பயன் பெறுவதால், அவரும் ஒரு பங்கை ஏற்பதில் தவறில்லை என்றும் வாதிட்டார். அம்மசோதா 1929-இல் சட்டமாயிற்று. சில ஆண்டுகளில் சென்னை மாகாணமும் அதே வழியில் ஒரு சட்டம் இயற்றியது.

பொருளியல் நோக்கில் இந்த வாதம் கூர்ந்து கவனிக்கத்தக்கது. செலவு எவ்வளவு என்பதோடு அவர் நிற்கவில்லை. அதை யார் தாங்க வல்லவர், அதனால் யார் பயனடைகிறார் என்று பிரித்துக் கேட்டார். இன்றைய காப்பீட்டு விவாதங்களில் இவ்விரண்டு கேள்விகளும் பெரும்பாலும் எழுவதே இல்லை.

1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கிய அவர், வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்திய தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து 1938 நவம்பர் 7 அன்று பம்பாயில் நடந்த ஒருநாள் வேலைநிறுத்தத்தின் முன்னணியில் நின்றார். ஆலைகளில் கூடுதல் ஊதியம் தரும் நெசவுப் பிரிவில் தீண்டாமையின் பெயரால் தலித் தொழிலாளர் அனுமதிக்கப்படாததையும் தொழிற்சங்கங்களின் முகத்துக்கு நேரே எழுப்பினார். ஊதியம் குறைந்தவனுக்கே நோயும் கடனும் முதலில் வரும் என்பதால், இதுவும் நம் பொருளுக்குப் புறம்பானது அன்று.

நான்கு ஆண்டுகள்

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் நலப் பொறுப்பு அம்பேத்கரிடம் வந்தது. 1946 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். பதவியேற்ற மறுமாதமே அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய மூன்று தரப்பினரும் ஒரே மேசையில் அமரும் முத்தரப்பு மாநாடு தில்லியில் கூடியது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி 1944-இல் உருவானது. தொழிற்சாலைகளில் வேலை நேரத்தை வாரம் 48 மணியாகக் குறைத்த திருத்தம் 1946-இல் வந்தது.

எல்லாம் வெற்றிக் கதையுமன்று. போர்க்காலத்தில் நிலக்கரி உற்பத்தியைப் பெருக்க, சுரங்கத்தின் அடியில் பெண்கள் வேலை செய்வதற்கு இருந்த தடை 1943-இல் நீக்கப்பட்டது. அம்முடிவைச் சட்டமன்றத்தில் நியாயப்படுத்த வேண்டிய நிலை, பேறுகால நலனுக்காக வாதாடிய அதே அம்பேத்கருக்கு ஏற்பட்டது. கடும் விமர்சனங்களுக்குப் பின், 1946-இல் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அவர் வாழ்க்கையை எழுதுவோர் இதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டின் கதை இக்காலத்தில்தான் தொடங்குகிறது. தொழிலாளர்க்கு நோய்க் காப்பீடு வேண்டும் என்பதை 1931-இலேயே விட்லி தலைமையிலான அரச ஆணையம் பேசியிருந்தது. முதலாளிகள், மாகாண அரசுகள், மத்திய அரசு என ஒருவரை ஒருவர் கைகாட்டியதில் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தன. 1942 இறுதியில் பிரிட்டனில் பெவரிட்ஜ் அறிக்கை வெளியாகி உலகின் கவனத்தை ஈர்த்தது. அம்பேத்கர் லண்டன் பொருளியல் பள்ளியில் ஆய்வை முடித்த ஆண்டுகளில் அதன் இயக்குநராக இருந்தவர் அதே பெவரிட்ஜ்.

1943 மார்ச்சில், தொழிலாளர்க்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு பி.பி. அதார்க்கர் என்ற பொருளியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய அறிக்கை 1944 ஆகஸ்டில் அரசின் கைக்கு வந்தது. தொழிலாளியும் முதலாளியும் ஊதியத்தையொட்டிப் பங்களிக்க வேண்டும். அது கட்டாயமாக இருக்க வேண்டும். நோயுற்றவர் மருத்துவத்தையும் விடுப்புக்கால உதவித்தொகையையும் உரிமையாகப் பெற வேண்டும் என்பதே அதன் உள்ளீடு. மறுமாதம் அம்பேத்கர் சென்னைக்கு வந்து, பார்க் டவுன் மெமோரியல் ஹாலில் பேசினார். அந்த அரங்கிலிருந்து ராயபுரம் அதிகத் தொலைவில் இல்லை. அப்போது தில்லியில் இருந்த ஒரு கோப்பு, பிற்காலத்தில் இந்தப் பகுதியின் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மருந்துச் சீட்டாகும் என்பதை அன்று இங்கு எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பைச் சேர்ந்த ஸ்டாக், ராவ் ஆகிய இரு வல்லுநர்கள் அறிக்கையை ஆய்ந்து, பேறுகால உதவியையும் விபத்து இழப்பீட்டையும் அதனோடு இணைக்கப் பரிந்துரைத்தனர். மசோதா 1946 இறுதியில் சட்டமன்றத்திற்கு வந்தபோது அம்பேத்கர் பதவியில் இல்லை. அடுத்து அப்பொறுப்பேற்ற ஜெகஜீவன் ராம்தான் அதைக் கரை சேர்த்தார். எனவே இ.எஸ்.ஐ. திட்டத்தை ஒருவரின் படைப்பு என்று சொல்வது வரலாறாகாது. திட்டத்தை வரைந்தவர் அதார்க்கர். சட்டமாக்கியவர் ஜெகஜீவன் ராம். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் தொடங்கி வைத்தவர் நேரு. பத்தாண்டுக்கும் மேலாக முடங்கிக் கிடந்த ஒரு யோசனை திட்டமாக உருப்பெற்றது அம்பேத்கர் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில்தான் என்பது அவருக்கு உரிய பங்கு.

1948 ஏப்ரல் மாதத்தை நான் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். அரசமைப்புச் சட்ட வரைவுப் பணிக்கிடையே நீரிழிவும் நரம்பு வலியும் அம்பேத்கரை வாட்டின. கால் வலியால் இரவில் உறக்கமும் இல்லை. உடன் இருந்து மருத்துவம் பார்க்கவும் ஒருவர் தேவைப்பட்ட நிலையில், ஏப்ரல் 15 அன்று மருத்துவர் சாரதா கபீரை மணந்தார். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 19 அன்று, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் ஒப்புதல் பெற்றது. எட்டாண்டுகளுக்குப் பின், 1956 டிசம்பர் 6 அன்று, தில்லியில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

கணக்கில் குடும்பம்

இ.எஸ்.ஐ. தொடக்கத்தில் தொழிலாளிக்கு மட்டுமே மருத்துவம் அளித்தது. குடும்பத்தினர் பின்னர்தான் சேர்க்கப்பட்டனர். இன்று மனைவி, மக்கள், சார்ந்து வாழும் பெற்றோர் எல்லோருக்கும் சிகிச்சை உண்டு. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. என் மாணவர் மாதம் செலுத்தி வந்தது ரூ.156. அதற்கு டிடக்டிபிள் இல்லை. புறநோயாளிச் சிகிச்சையும் உண்டு. நோயால் வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கு, உரிய பங்களிப்பு இருந்தால், ஊதியத்தில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நிறுவனங்கள் எடுத்துத் தரும் மருத்துவக் காப்பீட்டில் பொதுவாக இந்த ஊதிய ஈடு கிடையாது.

இ.எஸ்.ஐ. குறையற்றது என்று நான் கூறவில்லை. நீண்ட வரிசையும், இல்லாத மருந்தும், மாற்றப்படாத மருத்துவரும் அதன் பயனாளிகள் நன்கறிந்தவை. வரம்பைத் தாண்டியதும் சிலர் நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்கு அதுவே காரணம். ஆனால் ஒரு திட்டத்தின் நிர்வாகக் குறைக்கும் அதன் அடிப்படைக் கணக்கின் குறைக்கும் வேறுபாடு உண்டு. முன்னதைத் திருத்தலாம். பின்னது, எல்லாம் சரியாக நடந்தாலும் ஏழையைத்தான் தாக்கும்.

டிடக்டிபிள் வைப்பதற்குப் பொருளியல் நியாயம் இருக்கிறது. சிறு செலவுகளை விலக்கினால் காப்பீட்டின் பிரீமியம் குறையும். தேவையற்ற சிகிச்சையும் குறையும் என்பார்கள். 1970-களில் அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டு இதைச் சோதித்தது. செலவில் பங்கேற்க வேண்டியிருந்தவர்கள் மருத்துவத்தைக் குறைவாகவே நாடினர் என்பது உண்மை. ஆனால், தேவையற்றதோடு தேவையானதையும் சேர்த்தே குறைத்தனர். ஏழைகளாகவும் நோயாளிகளாகவும் இருந்தோர்க்கு, குறிப்பாக இரத்த அழுத்தம் உள்ளோர்க்கு, அது கேடாக முடிந்தது. இந்த இரண்டாம் பாதியைச் சொல்லாமல் முதற்பாதியை மட்டும் எடுத்துக்காட்டுவது நேர்மையாகாது. டெங்குவால் துவண்டு கிடக்கும் மனைவியை மருத்துவமனையில் சேர்ப்பது ஆடம்பரச் செலவா?

வடசென்னைக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது. மணலியின் ஆலைப் புகையும், எண்ணூரின் நிலக்கரிச் சாம்பலும், துறைமுகச் சாலைப் புழுதியும் ஒரு வீட்டில் ஒருவரை மட்டும் தேர்ந்து தாக்குவதில்லை. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும், அதே மாத இறுதியில் அமோனியா கசிந்தபோதும் குடும்பம் குடும்பமாகத்தான் மக்கள் பாதிக்கப்பட்டனர். நோய் கூட்டாக வருகிறது. செலவும் ஒரே ஊதியத்திலிருந்து போகிறது. அப்படியிருக்க, டிடக்டிபிள் மட்டும் ஆளுக்கு ஆள் தனித்தனியாகத் தொடங்குவது எந்தக் கணக்கில் சேரும்?

நான்கு மாற்றங்களை முன்வைக்கிறேன். முதலாவது, நிறுவனம் தரும் குழுக் காப்பீட்டில் டிடக்டிபிள் இருந்தே தீர வேண்டுமென்றால், அது குடும்பத்திற்கு மொத்தமாக, ஆண்டுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது, அத்தொகையை எல்லோர்க்கும் ஒன்றாக வைக்காமல் ஊதியத்தோடு பொருத்த வேண்டும். மேலாளரின் சில நாள் சம்பளமும் ஃபிட்டரின் ஒரு மாதச் சம்பளமும் ஒரே அளவு சுமை ஆகா. மூன்றாவது, எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும். நான்காவது, 2017 முதல் நிற்கும் ரூ.21,000 வரம்பை உயர்த்துவதோடு, அதைத் தாண்டுபவர் விரும்பினால் உரிய பங்களிப்புச் செலுத்தி இ.எஸ்.ஐ.யில் தொடரவும் வழி செய்ய வேண்டும். சில நூறு ரூபாய் கூடியதற்காக ஒரு குடும்பத்தின் முழுப் பாதுகாப்பும் மாறிப்போவது ஊதிய உயர்வுக்குத் தரும் தண்டனையாகிறது.

என் மாணவர் இப்போது அந்த ரூ.33,000 கடனை மாதத் தவணையில் அடைத்து வருகிறார். சென்ற வாரம் மீண்டும் வந்தார். அடுத்த ஆண்டு பாலிசியைப் புதுப்பிக்கும்போது டிடக்டிபிளைக் குடும்பத்திற்கு ஒன்றாக மாற்றித் தருமாறு, உடன் பணிபுரிவோர் சேர்ந்து நிர்வாகத்திற்கு மனு எழுத இருக்கிறார்களாம்; கணக்கைச் சரிபார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். இருவருமாக அமர்ந்து எழுதினோம். பிரீமியம் ஓரளவு உயரும் என்பதையும் மறைக்காமல் மனுவில் குறிப்பிட்டோம். அந்த உயர்வை நிர்வாகமும் ஊழியரும் எந்த விகிதத்தில் பகிர்ந்துகொள்ளலாம் என்றும் எழுதினோம்.

செலவை யார் தாங்க வல்லவர், பயன் யாருக்கு என்று 1928-இல் கேட்கப்பட்ட கேள்விகளின் வரிசையிலேயே அந்த மனு அமைந்துவிட்டதை எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன். நாற்பத்திரண்டு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். நிர்வாகத்தின் பதிலுக்காக அவர்களோடு நானும் காத்திருக்கிறேன்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் - ஓய்வு)